தேயிலை ஃபேக்டரி இரைச்சலில் தூங்கிய குட்டி

நாய்க்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் முதல் வாரத்தில் என்னிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "ராத்திரி முழுக்கக் கத்துகிறது, எந்தப் பாட்டைப் போட்டால் தூங்கும்?" கோத்தகிரியில் எங்கள் பக்கம் நாய் இல்லாத வீடு குறைவு. எங்கள் நாய்க்குட்டி மிளகு வந்த பிறகு, இந்த மாதிரிக் கேள்வி வந்தால் என் வீட்டைக் கைகாட்டிவிடுகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது அவர்களுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. "பாட்டு இருக்கட்டும். பிறந்த இடத்தில் இது எந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூங்கியது?"

மிளகு நாட்டுக்குட்டி. உடம்பெல்லாம் கருப்பு, மார்பில் மட்டும் ஒரு வெள்ளைத் தீற்று. ஊருக்குக் கீழே ஒரு தேயிலை ஃபேக்டரியின் விறகுக் கொட்டகையில், விறகு அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே பிறந்தது. ஃபேக்டரி வாட்ச்மேன் அண்ணன் தகவல் சொன்னபோது குட்டிகளுக்குக் கண்கூடத் திறக்கவில்லை. அப்போதே தூக்கிக்கொண்டு போகச் சொன்னவர்கள் உண்டு. இரண்டு மாதமாவது தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்கட்டும் என்று விட்டுவைத்தோம். எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்பதை ஒரு குட்டி தன் கூடப்பிறந்தவற்றிடம்தான் கற்கிறது. அந்தப் பாடத்தை நம் கையில் கற்க வைப்பதைவிட அங்கேயே கற்றுக்கொண்டு வருவது எல்லாருக்கும் நல்லது.

வந்த அன்று பகலில் ஒரு குறையும் இல்லை. பால்சோறு தின்றது, வாசலில் கிடந்த செருப்பை ஆராய்ந்தது, அத்தையின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. விளக்கை அணைத்ததும் ஆரம்பித்தது. முதலில் மெல்லிய முனகல், பிறகு இழுத்து இழுத்து ஊளை. நடுவே நிறுத்தி, பதில் வருகிறதா என்று கேட்கும். வராவிட்டால் இன்னும் கொஞ்சம் உரக்க.

எங்கள் வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு மேல் சத்தம் என்று ஒன்றும் இல்லை. சமவெளியிலிருந்து வரும் உறவினர்கள் அதைத்தான் புகழ்வார்கள். ஆனால் அந்த நிசப்தத்தில் எது கேட்டாலும் துல்லியமாகக் கேட்கும். குளிரில் சுருங்கும் கூரைத் தகரம் திடீரென்று டக்கென்று சொடுக்கும். கீழ்ச் சரிவில் காட்டுமாடு தேயிலைச் செடிகளை உரசிக்கொண்டு நகரும். சோலைக்குள்ளிருந்து கேளையாடு குரைக்கும். பேரில் ஆடு இருந்தாலும் அது மான், குரைப்பது அசல் நாய்க் குரல். ஒவ்வொன்றுக்கும் குட்டி விழித்தது, ஒவ்வொரு விழிப்புக்கும் அழுதது.

"இரண்டு நாள் வராந்தாவில் விடு, அழுது ஓய்ந்துவிடும்" என்று யோசனை சொன்னார்கள். அந்தப் பேச்சுக்கே இங்கே இடமில்லை. சிறுத்தை வாசல்வரை வந்து நாயைத் தூக்கிப்போன வீடுகள் நீலகிரியில் எத்தனையோ. தனியாக இருக்கும் குட்டியின் அழுகை, அதற்கு விடுக்கும் அழைப்பிதழ். வீட்டுக்குள்தான், கதவைச் சாத்தித்தான். ஆகவே அழுகையை வீட்டுக்குள்ளேயே தீர்க்க வழி பார்க்க வேண்டியிருந்தது.

வீட்டுக்காரர் மொபைலை எடுத்தார். 'நாய்களுக்கான அமைதி இசை' என்று தேடினால் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஓடும் பதிவுகள் வந்து விழுகின்றன. ஒன்றைப் போட்டார். மெல்லிய பியானோ, எங்களுக்கே கண் சொக்கியது. குட்டியும் தலையைச் சாய்த்துக் கேட்டது, படுத்தது. பதினைந்து நிமிடம் ஆகியிருக்காது, நடுவில் ஒரு விளம்பரம், இரண்டு மடங்கு சத்தத்தில். குட்டி எகிறிக் குதித்ததில் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தது. அதன்பிறகு அந்தப் பியானோ தொடங்கினாலே காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டது. இணையத்தில் நேரடியாக ஓட்டும் எதையும் குட்டிக்கு வைக்காதீர்கள். மலையில் சிக்னல் போய்ப் போய் வரும். அப்போதும் ஒலி அறுந்து அறுந்துதான் கேட்கும். எதுவானாலும் மெமரி கார்டில் ஏற்றி, தானே திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்துவிட வேண்டும்.

அடுத்து வானொலி. பேச்சு ஓடும்வரை சுமாராக இருந்தது. நிகழ்ச்சி மாறும்போது வரும் இசைத் துணுக்கு, புதிதாக ஒரு குரல், சிரிப்பு என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் தலையைத் தூக்கியது. பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, இதை ஆராய்ச்சி செய்தே பார்த்திருக்கிறார்கள். 2002-இல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் டெபோரா வெல்ஸும் கூட்டாளிகளும், நாய்க் காப்பகம் ஒன்றில் 50 நாய்களுக்கு மேற்கத்தியச் செவ்வியல் இசை, ஹெவி மெட்டல், பாப், மனிதப் பேச்சு ஆகியவற்றைத் தனித்தனியே கேட்கவைத்துக் கவனித்தார்கள். செவ்வியல் இசையில் நாய்கள் அதிக நேரம் படுத்திருந்தன, குறைவாகக் குரைத்தன. ஹெவி மெட்டலில் குரைப்பு கூடியது. பாப்பும் பேச்சும், ஒன்றுமே போடாமல் இருந்ததற்குச் சமம். ஆனால் 2016-இல் பிரிட்டனில் வெளிவந்த இன்னோர் ஆய்வில், ஒருவர் கதை வாசிக்கும் ஒலிப்புத்தகம் இசையைவிடவும் நாய்களைச் சாந்தமாக வைத்திருந்தது. இரண்டும் முரண்படுவதாகத் தோன்றும். வானொலியில் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: குரல் மாறி மாறி வரும் பேச்சு வேறு, ஒரே ஆள் ஒரே கதியில் வாசித்துக்கொண்டே போவது வேறு. குட்டிக்கு அர்த்தமா தெரியப்போகிறது? மேடு பள்ளம் இல்லாமல் வந்தால் சரி.

இந்த ஆய்வுகள் காப்பகத்து நாய்களை வைத்துச் செய்தவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நூறு நாய் குரைக்கும் கொட்டகையும் நிசப்தமான மலைவீடும் ஒன்றல்ல. அங்கே இசை வந்து கூச்சலைக் குறைத்தது. இங்கே குறைக்கக் கூச்சலே இல்லை. எங்களுக்குத் தேவைப்பட்டது அந்த நிசப்தத்தை மூடிவைக்க ஒரு போர்வை.

அது கிடைத்தது வாட்ச்மேன் அண்ணனிடமிருந்து. குட்டி எப்படியிருக்கிறது என்று விசாரிக்க வந்தவரிடம் புலம்பினேன். அவர் சிரித்தார். "இங்கே ஒரே அமைதியாக இருக்கிறதே அக்கா, அதற்குத் தூக்கம் எப்படி வரும்? அங்கே ராத்திரி பூராவும் ஃபேன் ஓடும்" என்றார். பறித்து வரும் கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து பெரிய மின்விசிறிகளால் காற்றடித்து வாட்டுவார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் இது நடக்கும், பெரும்பாலும் இரவில். விறகுக் கொட்டகை அதற்குச் சுவர் பக்கம். கொழுந்து வராத ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் ஃபேன் நின்றுவிடும்; அன்றைக்குத்தான் தாய் நாயும் குட்டிகளும் அமைதியில்லாமல் அலையும் என்றும் சொன்னார். அவர் இதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை, போகிற போக்கில் சொன்னார்.

நாய்க்குட்டி செவிடாகத்தான் பிறக்கிறது. காதுத் துளை மூடியிருக்கும். இரண்டு வாரம் கழித்துத்தான் திறக்கத் தொடங்கும். அதற்கப்புறம் கேட்கும் சத்தங்களே அதற்கு உலகம். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம்வரை எதைப் பார்த்தாலும் கேட்டாலும் 'இது சாதாரணம்' என்று ஏற்றுக்கொள்ளும் பருவம். மிளகுக்குக் காது திறந்தது முதல் கூடவே இருந்தது அந்த ஃபேன் இரைச்சல்; தாயின் சூடு, பால், கூடப்பிறந்தவற்றின் நெருக்கம் எல்லாம் அந்த இரைச்சலுக்கு உள்ளேதான். நாங்கள் அதைத் தாயிடமிருந்து மட்டும் பிரிக்கவில்லை, அந்தச் சத்தத்திலிருந்தும் பிரித்துவிட்டிருந்தோம்.

அண்ணன் அன்றிரவே தன் மொபைலில் ஒரு மணி நேரம் பதிவுசெய்து அனுப்பினார். ஆள் பேசும் இடங்களை வெட்டிவிட்டு, ஆரம்பமும் முடிவும் தெரியாமல் ஒட்டித் தந்தான் அக்கா மகன்.

அந்தப் பதிவைப் போட்டபோது மிளகு அட்டைப்பெட்டிக்குள் நின்று, முன்னங்கால்களை விளிம்பில் வைத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தது. இரைச்சல் தொடங்கியதும் முனகல் பாதியில் நின்றது. வலது காது மட்டும் ஸ்பீக்கர் பக்கம் திரும்பியது, பிறகு இடது. மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது. சத்தம் வரும் திசையில் தாயின் வாசனையும் இருக்கும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு பெட்டிக்குள் இரண்டு சுற்றுச் சுற்றி, கம்பளியை மூக்கால் தள்ளிக் குவித்து, அதன்மேல் தாடையை வைத்துப் படுத்தது. கண் உடனே மூடவில்லை. இமை பாதி இறங்கும், ஏறும். வயிறு மேலும் கீழும் வேகமாக ஏறி இறங்கியது மெதுவாகி, ஒரு நீண்ட பெருமூச்சு விட்டது. அத்தை வாயில் விரலை வைத்து எங்களை அறையைவிட்டு வெளியேறச் சொன்னார்.

நான் போகவில்லை. தூங்கிய குட்டி கண் விழிக்கும்போது ஆள் இல்லை என்றால் ஒலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயன் இல்லை. முதல் வாரம் பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில், கையைத் தொங்கவிட்டால் எட்டும் தூரத்தில் வைத்திருந்தேன். பிறகு நாளுக்குக் கொஞ்சமாகக் கதவுப் பக்கம் நகர்த்தினேன். ஒலிதான் எல்லாம் செய்தது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். வயிறு, மூத்திரப்பை, சூடு, துணை ஆகிய நான்கும் சரியாக இருந்தால்தான் ஐந்தாவதாக ஒலி வேலை செய்யும்.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இது மலை. மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிர் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும். தாயின் மடியில் குவியலாகக் கிடந்த குட்டிக்கு அந்தக் குளிர் அழப் போதும். ரப்பர் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் மறுபாதிக்கு நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். கரி அடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள். குளிருக்குக் கரி மூட்டிவிட்டுப் படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பலமுறை வந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தரையோடு படுத்திருக்கும் குட்டிக்கும் அதுதான் கதி, கட்டிலில் இருக்கும் உங்களுக்கும் அதுதான்.

மூத்திரம்: குட்டியின் வயதை மாதத்தில் எடுத்து ஒன்று கூட்டினால், அத்தனை மணி நேரம் அடக்க முடியும் என்று ஒரு பொதுக்கணக்கு உண்டு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம், அதுவே அதிகம். ஆகவே இரவில் எழுந்தாக வேண்டும். டார்ச்சை நாலாபுறமும் அடித்துப் பார்த்துவிட்டு, கூடவே போய், கூடவே திரும்புங்கள். எங்கள் பக்கம் கரடியும் உலாவும். அந்த நேரத்தில் விளையாட்டு, கொஞ்சல் எதுவும் வேண்டாம். இதனால்தான் ஒலியை உரக்க வைக்கக்கூடாது என்கிறேன். வெளியே போக வேண்டும் என்று குட்டி முனகுவது உங்கள் காதில் விழ வேண்டுமே.

எவ்வளவு சத்தம் என்று கேட்பார்கள். அதே அறையில் நீங்களும் நானும் குரல் உயர்த்தாமல் பேசிக்கொள்ள முடிய வேண்டும், அவ்வளவுதான். ஸ்பீக்கரைப் பெட்டிக்குள்ளோ பெட்டியை ஒட்டியோ வைக்காமல் அறையின் மறுகோடியில் வையுங்கள். பிடிக்கவில்லை என்றால் விலகிப் போகவும் குட்டிக்கு வழி இருக்க வேண்டும். மொபைலின் சொந்த ஸ்பீக்கர் இதற்கு உதவாது. ஃபேன் இரைச்சல், மழை, ரயில் இரைச்சல் இவற்றின் உயிரே அடியில் ஓடும் கனத்த ஒலியில்தான் இருக்கிறது. மொபைல் அதை விழுங்கிவிட்டு மேலே உள்ள 'ஸ்ஸ்' என்ற சீறலை மட்டும் துப்பும். எங்கள் வீட்டில் பழைய பேட்டரி ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. அதை மர அலமாரியின் மேல்தட்டில் வைத்தபோதுதான் பதிவு நிஜ ஃபேக்டரியாக ஒலித்தது. பேட்டரி என்பது முக்கியம். காற்றடித்து மரம் சாய்ந்தால் இங்கே மின்சாரம் போய்விடும். ஓடிக்கொண்டிருந்த ஒலி சட்டென்று நின்றால், அந்த நிறுத்தமே குட்டியை எழுப்பிவிடும். காலையில் அணைக்கும்போதும் ஒலியைப் படிப்படியாக இறக்கித்தான் அணைத்தேன்.

மலைவீடுகளில் எலித் தொல்லை அதிகம். அதனால் சுவரில் செருகிவைக்கும் எலிவிரட்டிக் கருவி பல வீடுகளில் இருக்கிறது. மனிதக் காதுக்கு எட்டாத மிக உயர்ந்த ஒலியை அது வெளியிடுகிறது. நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு சரி. நாய்க்கு 45,000 ஹெர்ட்ஸ்வரை கேட்கும். எங்கள் சமையலறையிலும் ஒன்று இருந்தது. மிளகு சமையலறை வாசல்வரை வரும், உள்ளே கால் வைக்காது. கறி வெந்துகொண்டிருந்தாலும் வாசலிலேயே நின்று தலையை உதறும். கருவியைப் பிடுங்கிய பிறகு உள்ளே வந்தது, இப்போது விரட்டினாலும் போவதில்லை. எலிக்கு வேறு வழி பார்த்துக்கொண்டோம். குட்டி காரணமில்லாமல் ஓர் அறையைத் தவிர்த்தால், அங்கே செருகியிருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள்.

அத்தையின் தாலாட்டைச் சொல்லாவிட்டால் அவர் கோபித்துக்கொள்வார். பகல் தூக்கத்துக்கு அவர் ஸ்பீக்கரை அனுமதிக்கவில்லை. "ஃபேக்டரியைக் கேட்டு வளர நான் என்ன செத்தா போய்விட்டேன்?" என்று குட்டியை மடியில் போட்டுக்கொண்டு பேரப்பிள்ளைகளுக்குப் பாடியதையே பாடினார். சுருதியை விடுங்கள். மெதுவான நடை, வரிக்கு வரி திரும்பி வரும் அதே ராகம், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இழுத்துக் கீழே இறக்கும் 'ஆராரோ'. நாய்க்கு இது பொருத்தம் என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த விலங்கு நடத்தை ஆய்வாளர் பட்ரீசியா மெக்கானல், பல மொழி பேசும் நாய்ப் பழக்குநர்களும் குதிரைப் பழக்குநர்களும் எழுப்பும் ஒலிகளைப் பதிவுசெய்து ஒப்பிட்டார். விலங்கை விரைந்து நகரவைக்க எல்லாரும் குட்டையான, அடுத்தடுத்து வரும் ஒலிகளைப் பயன்படுத்தினார்கள். வேகம் குறைக்க நீளமான ஒற்றை ஒலி. 1990-இல் வெளியான ஆய்வில் குட்டிகளை வைத்தே சோதித்தார். தன்னிடம் வரச்செய்யப் பழக்குவதற்கு, இறங்கும் ஒற்றை நீள ஒலியைவிட, ஏறும் குட்டை ஒலிகள் நான்கு நன்றாக வேலை செய்தன. ஆகவே தூங்கவைக்க வேண்டிய குட்டியிடம் "வா வா வா, தூங்கு தூங்கு தூங்கு" என்று படபடக்காதீர்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது படிக்காமலே தெரிந்திருக்கிறது. கூப்பிட 'சூ சூ சூ', தூங்கவைக்க 'ரோரோ'.

துண்டில் சுற்றிய கடிகாரத்தைப் படுக்கைக்குள் வைக்கும் பழைய வழக்கமும் உண்டு, தாயின் இதயத் துடிப்பு என்று குட்டி நினைக்குமாம். இப்போது துடிக்கும் பொம்மையே விற்கிறார்கள். மிளகு பொம்மையின் காதைக் கடித்துப் பஞ்சை வெளியே எடுத்தது. உள்ளே இருந்த பேட்டரியை விழுங்கும் முன் பிடுங்கினோம். சில குட்டிகளுக்கு உதவுகிறது என்கிறார்கள். கடிக்கும் குட்டிக்குக் கொடுக்காதீர்கள்.

ஒலியை எப்போது போடுவது என்பதில் நான் கறார். படுக்கும் நேரத்துக்கு மட்டும். நாள் முழுக்க ஓடினால் அது காற்றோடு காற்றாகிவிடும், பிறகு தூக்கத்துக்கு அடையாளமாக இருக்காது. இசை போடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல்: சலித்துவிடும். கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்காட்லாந்துக் காப்பக நாய்களிடம் பார்த்தபோது, செவ்வியல் இசை தந்த அமைதி சில நாளிலேயே குறைந்தது. அதனால் 2017-இல் ஐந்து வகை இசையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். மென்மையான ராக்கும் ரெகேயும் முன்னுக்கு வந்தன. இசைதான் வேண்டும் என்றால் வகையை மாற்றிக்கொண்டே இருங்கள். இரைச்சல் வகை ஒலியில் எங்களுக்கு அந்தச் சலிப்புத் தெரியவில்லை. இசையில் கவனிக்க ஏதோ இருக்கிறது, இரைச்சலில் கவனிக்க எதுவும் இல்லை என்பதால் இருக்கலாம்.

எல்லாரும் தவறவிடும் இடம் இன்னொன்று. நீங்கள் வெளியே கிளம்பும்போது மட்டும் ஒலியைப் போட்டால், குட்டி அதைத் தூக்கத்தோடு சேர்க்காது. 'கிளம்பிவிட்டார்கள்' என்பதோடு சேர்த்துக்கொள்ளும். நாங்கள் வீட்டில் இருக்கும்போதே ஒலியைப் போட்டு, பக்கத்து அறைக்குப் போய்த் திரும்புவது, வாசல் கதவைத் திறந்து மூடுவது, கடைக்குப் போய் வருவது என்று சிறுகச் சிறுக நீட்டினோம். இரவு நிம்மதியாகக் கழியத் தொடங்கியதும் ஒலியையும் சிறுகச் சிறுகக் குறைத்தோம். வாரக்கணக்கில் இறக்கியதால் அது எப்போது நின்றது என்று மிளகுக்குத் தெரியாது. அதற்குள் கேளையாடும் தகரச் சொடுக்கும் அதற்கு வீட்டு ஒலிகளாகியிருந்தன.

எதைச் செய்தும் அழுகை நிற்காமல், சாப்பாட்டையும் மறுத்து, வாந்தியோ இரத்தம் கலந்த பேதியோ இருந்தால் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு அன்றே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தடுப்பூசி முடியாத குட்டியை, குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் இரண்டு மூன்று நாளில் கொண்டுபோய்விடும். கூட்டுத் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்க வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி மூன்றாம் மாதத்தில். 1907 முதல் வெறிநாய்க்கடி சிகிச்சைக்குப் பேர்போன பாஸ்டர் நிலையம் பக்கத்துக் குன்னூரில் இருந்தும், நம்மூரிலேயே "வீட்டு நாய்க்கு எதற்கு ஊசி?" என்று கேட்பவர்கள் இருப்பது எனக்கு அலுப்பாக இருக்கிறது.

சாந்தமான ஒலி பாதி வேலைதான். நான் மேலே சொன்ன பதினான்கு வாரம் முடியும் முன், முரட்டு ஒலிகளையும் அறிமுகப்படுத்திவிட வேண்டும். தகரக் கூரையில் ஐப்பசி மழை கொட்டும்போது பக்கத்தில் பேசுவதே கேட்காது. குட்டிக்கு அது முதல் முறை என்றால் கட்டிலுக்கு அடியிலிருந்து வராது. மழைக்கு முன்பே மழைப் பதிவை மிகத் தாழ்வாகப் போட்டுச் சோறு வைத்தோம். தின்பதை நிறுத்தாமல் இருந்தால் மறுநாள் ஒரு படி ஏற்றினோம். காதை மடக்கினால் இரண்டு படி இறக்கினோம். பட்டாசுக்கும், குரங்குகள் கூரையில் தடதடவென்று ஓடுவதற்கும், ஹெத்தையம்மன் திருவிழா மேளத்துக்கும் இதே முறை. தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று வெடி நேரம் 2018-இலிருந்து அறிவிக்கப்படுகிறது. எல்லாரும் அதைக் கடைப்பிடிக்கிறார்களா என்பது வேறு கதை. ஆனால் அந்த நேரத்துக்கு முன்பே குட்டியை வெளியே அழைத்துப்போய்த் திரும்பி, ஜன்னலை மூடி, பழகிய இரைச்சலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டிவைக்க அந்த அறிவிப்பு உதவுகிறது. பயந்த குட்டியை மடியில் எடுத்துக்கொண்டால் பயம் வளரும் என்பார்கள். எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் வளராது.

இந்த ஃபேக்டரிப் பதிவு இப்போது ஊரில் கைமாறிக்கொண்டிருக்கிறது. யாருக்கும் நான் மறுப்பதில்லை, ஆனால் உங்கள் குட்டி பிறந்த இடத்துச் சத்தத்தை முதலில் கேட்டு வாங்குங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். மேல்தெருவுக்கு, ஓய்வுபெற்றதும் கோயம்புத்தூரைவிட்டுக் குடிவந்த தம்பதி, அங்கிருந்தே ஒரு லாப்ரடார் குட்டியைக் கொண்டுவந்தார்கள். மெயின் ரோட்டை ஒட்டிய மாடிவீட்டில் பிறந்தது. என் ஃபேக்டரிக்கு அது மசியவில்லை. குட்டியைக் கொடுத்தவர்களிடம் சொல்லி, நள்ளிரவில் ஜன்னலைத் திறந்துவைத்து, சீலிங் ஃபேன் ஓட, தூரத்தில் லாரிகள் போகும் இரைச்சலைப் பதிவுசெய்து அனுப்பச் சொன்னேன். ஹாரன் அடித்த இடங்களை அக்கா மகன் வெட்டித் தந்தான். குட்டி அன்றே நீட்டிப் படுத்துவிட்டது. மறுநாள் அந்த வீட்டுப் பெரியவர் சிவந்த கண்களோடு வாசலில் நின்றார். "இந்தச் சத்தம் பொறுக்காமல்தான் வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்தோம், டீச்சர்" என்றார். அவர் மனைவி உள்ளிருந்தே பதில் சொன்னார்: "நீங்கள் முன்னறையில் படுங்கள். அது தூங்கட்டும்."